அடிக்கடி தலைவலியா? மாத்திரை போட்ட நாட்களை எண்ணுங்கள்

தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை மாத்திரை என்று பார்க்கிறார்கள். எத்தனை நாள் என்று பார்ப்பதில்லை. இதுதான் முதல் தவறு. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் கணக்கில் அது ஒரு நாள். தினம் அரை மாத்திரை போட்டால் மாதம் 30 நாள், அதுதான் ஆபத்து.

ஏற்கெனவே ஒற்றைத் தலைவலியோ இறுக்கத் தலைவலியோ உள்ளவர், பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டியும் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான், எர்காட்டமின், கடும் வலிக்கான டிரமடால், பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை. மூட்டுவலிக்குப் போட்டதும் இந்தக் கணக்கில் சேரும். மாத்திரை போட்ட நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். மருத்துவருக்கு ஸ்கேனை விட அது உதவக்கூடும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காதது அடுத்த தவறு. சாரிடானில் பாராசிட்டமாலோடு புரோபிஃபெனசோனும் காஃபினும் இருக்கின்றன. ஆகவே அதற்கு 10 நாள் கணக்குதான். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மி.கி.; 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3,900 ஆகிவிடும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் அதற்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும்.

பயணத்தில் வலி வந்துவிடுமோ என்று முன்கூட்டியே விழுங்குவதும் நாள் கணக்கை ஏற்றும். ஒற்றைத் தலைவலி தொடங்கியதும் முழு அளவைப் போடுவதே சரி. பயந்து அரை மாத்திரை போட்டால் வலி அடங்காது, மறுநாளும் கை அட்டையைத் தேடும்.

நிறுத்தும்போதுதான் பலர் தோற்கிறார்கள். இரண்டு முதல் பத்து நாள் வரை வலி கூடும். குமட்டல், தூக்கமின்மையும் வரலாம். ‘மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று அப்போது முடிவுகட்டிவிட வேண்டாம், அந்தக் கட்டம் கடந்துபோகும். பாராசிட்டமாலை ஒரேயடியாக நிறுத்தலாம். டிரமடால், அதே வகையான கோடீன், தூக்க மாத்திரைகளை மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

பிரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகள் வேறு ரகம், தினமும் போடவேண்டியவை. பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். இரண்டே வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் பிரொப்ரனலால் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் மாத்திரையைத் தேடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.