தலைவரும் ஆலோசகரும் முரண்படுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமே தேடி அழைத்து நியமித்த ஆலோசகரோடு ஆட்சித் தலைவர் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே பிணங்கிக்கொள்வது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடப்பதுதான். இதற்கு இருவரின் குணத்தைக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலான பிணக்குகள் நியமனத்தின்போதே தொடங்கிவிடுகின்றன என்பது என் கருத்து. துறையறிவுக்காக அழைக்கப்பட்டவர், தாம் சொன்னது நிறைவேறினால்தான் தம் கடமை முடியும் என்று எண்ணுகிறார். மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவரோ, அதே யோசனையைக் கட்சி, கூட்டணி, அடுத்த தேர்தல் ஆகிய அனைத்தோடும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, மறுத்துப் பேசும் உரிமை எதுவரை என்பதை முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளாததுதான் முதல் தவறு.

அடுத்த தவறு, ஒரே பொருளுக்கு இரண்டு குரல்களை வைத்துக்கொள்வது. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது நிதியமைச்சர் நைஜல் லாசன் ஒரு நாணய மாற்றுக் கொள்கையை வலியுறுத்த, பிரதமரின் தனிப் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்டர்ஸ் அதற்கு நேர்மாறான கருத்தைக் கொண்டிருந்தார். அது வெளியிலும் தெரிந்திருந்தது. நிதியமைச்சர் சொல்வதுதான் அரசின் கொள்கையா என்ற ஐயம் எழுந்தபின் அவருடைய பேச்சுக்குச் சந்தையில் மதிப்பு இருக்காது. வால்டர்ஸை விலக்கும்படி லாசன் கேட்டார், தாட்சர் இணங்கவில்லை. 1989 அக்டோபர் 26 அன்று லாசன் பதவி விலகினார், அன்றே வால்டர்ஸும் விலகினார். ஒருவரைக் காக்கப் போய்த் தாட்சர் இருவரையும் இழந்தார். அந்தரங்க ஆலோசகர் வேண்டும் என்றால் அவர் அந்தரங்கமாகவே இருக்க வேண்டும். துறை அமைச்சரோடு அவருக்குள்ள கருத்து வேறுபாட்டைப் பிரதமரின் அறைக்குள்ளேயே தீர்த்துவிட வேண்டும்.

மாற்றுக் கருத்துடையவர் இல்லாத நேரத்தில் முடிவெடுப்பது இன்னும் ஆழமாகப் புண்படுத்தும். ஈரானில் பிடித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களைப் படை அனுப்பி மீட்பதென்று 1980 ஏப்ரல் 11 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் முடிவு செய்த கூட்டத்தில், அதை எதிர்க்கக்கூடிய வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் இல்லை. அவர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்து தம் மறுப்பை எடுத்துரைத்தபோது முடிவு மாறவில்லை. நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்ட வான்ஸ், வெளியே ஒரு சொல்லும் சொல்லவில்லை. முயற்சி தோற்று, அமெரிக்கப் படையினர் எட்டுப் பேர் உயிரிழந்த பிறகே அவருடைய விலகல் அறிவிக்கப்பட்டது. மறுப்பு ஏற்கப்படாமல் போவதை ஒரு ஆலோசகரால் தாங்கிக்கொள்ள முடியும். கேட்கப்படாமல் போவதைத் தாங்குவது கடினம்.

ஆலோசகர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. ஒரே வழியை மட்டும் முன்வைத்து, வேறு வழியே இல்லை என்பதுபோல் பேசுவதும், சிறு விஷயங்களுக்கெல்லாம் ராஜினாமா மிரட்டல் விடுப்பதும் அவர்களின் சொல்லுக்குரிய மதிப்பைக் கரைத்துவிடும். அவற்றிலும் மோசமானது, உள்ளே தோற்ற வாதத்தைப் பத்திரிகையாளர்கள் வழியாக வெளியே வெல்லப் பார்ப்பது. அதன்பின் தலைவர் அவர் எதிரில் மனம்விட்டுப் பேச மாட்டார். கோப்புகளும் அவர் மேசைக்கு வராமல் சுற்றிப் போகும்.

இதில் நான் மிகவும் மதிப்பது ஜார்ஜ் மார்ஷல் நடந்துகொண்ட முறையை. இஸ்ரேலை உடனே அங்கீகரிக்கலாமா என்று 1948 மே 12 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த விவாதத்தில், வெளியுறவு அமைச்சரான அவர் கடுமையாக எதிர்த்தார். அப்படி அங்கீகரித்தால், தேர்தலில் தாம் வாக்களிப்பதாக இருந்தால் அதிபருக்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று ஹாரி ட்ரூமனின் முகத்துக்கு நேராகவே சொன்னார். இரண்டு நாள் கழித்து ட்ரூமன் அங்கீகரித்தார். முடிவெடுக்கும் அதிகாரம் அதிபருக்கு உரியது என்பதை ஏற்றுக்கொண்ட மார்ஷல், அதை வெளியில் எதிர்த்துப் பேசாமல், 1949 ஜனவரி வரை அதே பதவியில் பணியாற்றினார்.