கப்பல் தளத்தில் ஹெலிகாப்டர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

தளத்தில் எதையும் தளர்வாகப் போட்டு வைக்காதே, வால் ரோட்டர் பக்கம் போகாதே என்பதெல்லாம் முதல் நாளே காதில் விழுந்துவிடும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

செயினை எண்ணாமல் எழும்புவது

தவிர்ப்பதற்குச் சில விநாடிகள் போதும், அதனால்தான் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. புறப்படும் முன் தளக் குழுவினர், ஹெலிகாப்டரைத் தளத்தோடு கட்டியிருக்கும் செயின்களையும் சக்கரக் கட்டைகளையும் கழற்றி, விமானிக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டுவார்கள். மாட்டிய எண்ணிக்கையும் கையில் தெரியும் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவில் கை வைக்க வேண்டும். புதியவர்களோ கட்டைவிரல் உயர்ந்ததைப் பார்த்ததுமே கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு செயின் மிஞ்சினாலும் ஹெலிகாப்டர் நேராக மேலே வராது. அந்தப் பக்கத்துச் சக்கரம் கதவின் கீல் மாதிரி ஆகிவிடும்; மொத்த உடலும் அதைச் சுற்றிச் சாயும். ரோட்டரின் விசை சாய்வை இன்னும் வேகப்படுத்தும், கப்பலின் உருளலும் சேர்ந்துகொள்ளும். ஒரு கோணத்தைத் தாண்டினால் சாய்வைக் கட்டுப்படுத்தும் பிடியான சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் தள்ளியும் பலனில்லை. கலெக்டிவைச் சீராக இறக்குவதுதான் வழி. பதற்றத்தில் கை செய்வது நேர் எதிர்: மேலே இழுக்கும்.

சக்கரத்தைப் பிடித்துக்கொள்வது செயினாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1999 டிசம்பர் 9 அன்று சான் டியாகோ அருகே, 'பெகோஸ்' எண்ணெய்க் கப்பலை நெருங்கிய அமெரிக்க மரீன் படையின் சிஎச்-46 ஹெலிகாப்டரின் இடது பின்சக்கரம் தள ஓரத்துப் பாதுகாப்பு வலையில் சிக்கியது. கவிழ்ந்து கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 18 பேரில் 7 பேர் இறந்தார்கள். தள ஓரத்தைக் கடக்கும்போது பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று பின்னாலிருக்கும் ஊழியர் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

கடல் காற்றையே தளக் காற்றாக எடுத்துக்கொள்வது

பின்னாலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்று, கப்பலும் 15 நாட் வேகம் என்றால் தளத்தில் காற்றே இல்லை. பாரம் ஏற்றிய ஹெலிகாப்டருக்கு எஞ்சின் சக்தி போதாமல் போகலாம். நேர் எதிர்க்காற்றும் எப்போதும் நல்லதல்ல. ஹேங்கருக்கு (தளத்துக்கு முன்னால் இருக்கும் ஹெலிகாப்டர் கொட்டகை) பின்னால் அது சுழலாக உடைகிறது, நீங்கள் இறங்குவது அந்தச் சுழலுக்குள்தான். ஒவ்வொரு கப்பலுக்கும் ஹெலிகாப்டர் வகைக்கும் தனித்தனிக் காற்று வரம்புப் படம் உண்டு. வேறு கப்பலின் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

ரோட்டர் மெதுவாகச் சுற்றும்போது கப்பலைத் திருப்பவிடுவது

குறைந்த சுழற்சியில் இறக்கைகளுக்கு விறைப்பு இல்லை. கப்பல் திரும்பும்போது வரும் பக்கக் காற்று தூக்கி அடித்தால் வால் பகுதியையே வெட்டும். ரோட்டரை நிறுத்தும்போதும் இதே ஆபத்து.

தளத்தோடு சேர்ந்து ஆடுவது

தளம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கித் துரத்தாதீர்கள். அடிவானத்தைப் பிடித்து நிலையாக நில்லுங்கள். ஆட்டம் அடங்கும் இடைவெளி வரும். அப்போது தயங்காமல் உறுதியாக இறக்கி, கலெக்டிவை முழுக்கக் கீழே விடுங்கள்.

கிளம்பிய இடத்துக்கே திரும்புவது

20 நாட்டில் போகும் கப்பல் இரண்டு மணி நேரத்தில் 40 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். எரிபொருளை அதற்கும் சேர்த்துப் போடுங்கள்.

உப்பு

கடல் உப்பு படிந்த ஹெலிகாப்டரை நன்னீரில் கழுவுங்கள். அன்றைக்கே.