தூரத்தில் இருப்பவருக்கு அளவெடுத்த விதம்

திருகோணமலையில் நான் தைக்கும் சாறி பிளவுஸ்களில் பல, கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்களுக்குப் போகின்றன. அவர்கள் தாமே நாடா பிடித்து அனுப்பும் அளவுகளில் தோளும் முதுகு நீளமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வருவதே பெருந்தொல்லையாக இருந்தது.

ஜப்பானின் சோசோ நிறுவனம் 2018இல் விநியோகித்த அளவெடுக்கும் உடையைப் பற்றி அறிந்தபோது வழி புலப்பட்டது. உடலோடு ஒட்டிய அந்தக் கறுப்பு உடை முழுவதும் வெண்புள்ளிகள் இருக்கும். அணிந்தவர் கைபேசியின் முன் சிறிது சிறிதாகத் திரும்பி நிற்க, படங்களில் புள்ளிகள் விழும் இடங்களைக் கொண்டு செயலி உடலின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும். 2020இல் அறிவிக்கப்பட்ட அவ்வுடையின் அடுத்த பதிப்பில் இத்தகைய குறிகள் ஏறத்தாழ 20,000.

எனக்குத் தேவைப்பட்டது உடையன்று, உடலில் நிலையான குறிகள் வேண்டும் என்ற அதன் அடிப்படையே. இறுக்கமான பனியனின் மேல் மெல்லிய இலாஸ்டிக் நாடாவை இடுப்பில் கட்டி, இரு பக்கமும் சரிந்து நிமிரச் சொன்னால், அது தானாகவே இடுப்புக்கோட்டில் அமர்ந்துவிடுகிறது. பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலும் தோள்முனைகளிலும் வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டச் செய்து, வீட்டிலுள்ள ஒருவர் குறிக்குக் குறி அளவு நாடா பிடிப்பதைக் காணொளி அழைப்பில் பார்த்தே எழுதிக்கொள்கிறேன். தோள் அளவை எடுக்கும் இடம் இப்போது ஆளுக்காள் மாறுவதில்லை. முதுகுத் துணியை நம்பிக்கையோடு வெட்டுகிறேன். மார்புச் சுற்றுக்கு மட்டும், பிளவுஸுக்குள் அணியும் உள்ளாடையோடுதான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.