ஆர்ல் நகரில் வான்கா நின்ற இடங்கள்: ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி

தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்தில் வான்கா வரைந்த ஓவியம் ஒன்றுகூட நிரந்தரமாகக் கிடையாது. 1888 பிப்ரவரி 20 அன்று வந்து இறங்கினார், 1889 மே 8 அன்று கிளம்பிப் போனார். இடையில் வரைந்தவை ஏறத்தாழ 200 ஓவியங்கள். எல்லாம் ஆம்ஸ்டர்டாம், நெதர்லாந்தின் ஓட்டர்லோ, பாரிஸ் என்று போய்விட்டன. அவரது பெயரில் இயங்கும் அறக்கட்டளைக் கூடத்தில் இரவல் வாங்கிய ஓவியம் ஒன்றிரண்டு இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் இங்கே தேடவேண்டியது ஓவியத்தை அல்ல, அவர் நின்ற இடத்தை.

கிளம்பும் முன்

ஆறு ஓவியங்கள் போதும்: லாங்லுவா பாலம், மருத்துவமனைத் தோட்டம், அலிஸ்கான் இடுகாடு, அவர் குடியிருந்த மஞ்சள் வீடு, ரோன் நதியின் மேல் விண்மீன் இரவு, ஃபோரம் சதுக்கத்தின் இரவுக் காபிக்கடை. ஒவ்வொன்றையும் தபால் அட்டை அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். போன் போதாதா என்றால், போதாது. அந்த ஊர் வெயிலில் திரை கண்ணாடியாகிவிடும், படத்தையும் காட்சியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அட்டைகளை ஒரு கிளிப் பலகையில் மாட்டுங்கள். மிஸ்ட்ரால் என்னும் அந்தப் பகுதியின் பலத்த வடகாற்று வீசினால் கையில் எதுவும் நிற்காது. அந்தக் காற்றில் வரைய, ஓவியப் பலகைத் தாங்கியின் கால்களை மண்ணில் ஊன்றி, பக்கத்தில் 50 செ.மீ. இரும்பு முளை அடித்து, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுவதாக வான்காவே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அட்டையின் பின்பக்கம் வரைந்த மாதத்தையும், அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதத்தின் இரண்டு மூன்று வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் வான்கா அருங்காட்சியகக் கடிதத் தளத்தில் எல்லாக் கடிதங்களும் இலவசம், தேதிவாரியாகத் தேடலாம். எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட இதுதான் உருப்படியானது. போனில் திசைகாட்டி இருக்கட்டும். அது எதற்கு என்பது ராத்திரி தெரியும்.

வரிசை

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் லாமார்த்தின் சதுக்கம் வந்துவிடும் என்பதால் எல்லாரும் மஞ்சள் வீட்டில் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். அதையொட்டிய நதிக்கரையை இருட்டில்தான் பார்க்கவேண்டும், அதே இடத்துக்கு இரண்டு முறை நடக்க நேரும். வெயில் ஏறுமுன் லாங்லுவா பாலம், பிறகு தோட்டம், பிற்பகலில் அலிஸ்கான், சாயங்காலம் லாமார்த்தின் சதுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாங்லுவா பாலம் ஊருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் சொச்சம். இப்போது நிற்பது அவர் வரைந்த பாலம் அல்ல. அதே மாதிரியான வேறொரு தூக்குப் பாலத்தைக் கொண்டுவந்து, பழைய இடத்திலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். நேரம் குறைவு என்றால் முதலில் வெட்டவேண்டியது இதைத்தான்.

மருத்துவமனை முற்றத்துக்குள் போகக் காசில்லை. நிறையப் பேர் தரையில் நின்று படம் எடுத்துவிட்டு, "ஓவியம் மாதிரி இல்லையே" என்று திரும்புகிறார்கள். அவர் வரைந்தது மாடித் தாழ்வாரத்திலிருந்து. படியேறினால் நடுவில் குளமும் அதைச் சுற்றிப் பிரியும் பாத்திகளும் தானாகப் பொருந்தும். ஓவியம் 1889 ஏப்ரலைச் சேர்ந்தது. பூவோடு பார்க்க வசந்தத்தில் போகவேண்டும்.

அலிஸ்கானுக்குக் கட்டணம் உண்டு. கல் சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும் பழைய ரோமானிய இடுகாடு. 1888 அக்டோபர் 23 அன்று ஓவியர் பால் கோகன் வந்தபின் இருவரும் சேர்ந்து வரைந்த முதல் இடங்களில் ஒன்று. கோகனின் படத்தையும் அச்செடுத்துப் போனால் ஒரு வேடிக்கை: கோகன் சவப்பெட்டிகளை வரையாமலே விட்டுவிட்டுத் தேவாலயக் கோபுரத்தை எடுத்துக்கொண்டார்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது

இதில்தான் பலரும் திணறுகிறார்கள். ஓவிய நகலோடு அங்கங்கே பலகைகள் இருக்கின்றன. ஆனால் பலகை இருக்கும் இடமே அவர் நின்ற இடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவியத்தில் அருகில் ஒரு பொருள், தொலைவில் ஒரு பொருள் என இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபோரம் சதுக்கக் காபிக்கடையில், கடைப் பந்தலின் ஓரமும் தெருக்கோடியில் தெரியும் கோபுரமும். நேரில் பார்க்கும்போது, படத்தில் இருப்பதைவிடக் கோபுரம் வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் இடப்பக்கம் நகருங்கள். இடப்பக்கம் விலகியிருந்தால் வலப்பக்கம். இரண்டும் ஒட்டியபின், பந்தல் படத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பின்னால் போங்கள். ஓரிரு மீட்டர் வித்தியாசத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம், வான்கா பொருள்களைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பவர்.

அந்தக் கடையின் மஞ்சள் சுவரைப் பார்த்து மயங்காதீர்கள். 1888இல் அது எரிவாயு விளக்கின் மஞ்சள். பெயின்ட், ஓவியத்தைப் பார்த்துப் பின்னால் அடித்தது. இருட்டிய பிறகு போனால்தான் பொருள் உண்டு.

மஞ்சள் வீடு 1944 ஜூனில் குண்டுவீச்சில் போய்விட்டது. ஆனால் ஓவியத்தில் அதன் பின்னால் நிற்கும் உயரமான கட்டடம் இன்றும் இருக்கிறது, வலது ஓரத்து ரயில் பாலமும் இருக்கிறது. இரண்டையும் வைத்து, நடுவில் இல்லாத வீட்டை நிரப்பிக்கொள்ளலாம்.

நதிக்கரை

லாமார்த்தின் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடை. செப்டம்பர் கடைசியில் இரவு 9 மணிக்கு நல்ல இருட்டு. ஜூனில் 11 ஆகும். கரையோரம் நின்று, ஊர் இடப்பக்கமும் நதி வளைவு எதிரேயும் வரும்படி பாருங்கள். விளக்குகளின் நீளப் பிரதிபலிப்பு அப்படியே கிடைக்கும். ஓவியத்தில் நதிமேல் தெரியும் சப்தரிஷி மண்டலம் மட்டும் கிடைக்காது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிடைக்காது. திசைகாட்டியை எடுங்கள்: நீங்கள் பார்ப்பது தென்மேற்கு, சப்தரிஷி இருப்பது வடக்கில். முதுகுக்குப் பின்னால் இருந்த விண்மீன்களை எடுத்து அவர் நதிமேல் வைத்துவிட்டார். அப்படியே திரும்பி நில்லுங்கள், தெரியும்.

போனில் படம் எடுப்பதென்றால் கரைச் சுவர்மேல் வைத்து, இரவு முறையில், டைமர் போட்டு எடுங்கள். கையில் பிடித்தால் பிரதிபலிப்பு குழம்பிவிடும்.

பின்சேர்க்கை: கரையில் சுற்றுலாக் கப்பல் கட்டியிருந்து காட்சி மறைந்தால், கரையோரமாகவே ஊர்ப்பக்கம் நகர்ந்து கப்பலைத் தாண்டி நில்லுங்கள். வளைவு கொஞ்சம் மாறும், பிரதிபலிப்பு மாறாது. அங்கிருந்து ஃபோரம் சதுக்கம் பத்து நிமிடம்தான்.