ஊருணியில மிதவைத் தோட்டமா? செடி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் சாக்கடை கலந்து பச்சைப்பசேல்னு கெடக்குற ஊருணில மிதவைத் தோட்டம் போடணும்னு ஆசையா, தாராளமாப் போடுங்க. மிதக்குற தட்டுல செடிய நட்டு, வேரைத் தண்ணில தொங்கவிட்டு அழுக்கை உறிஞ்ச வைக்கிறதுதான் அது. குடிக்கிற ஊருணில மட்டும் வேணாம், அந்தத் தண்ணியில செடிக்குச் சத்தும் இருக்காது, மிதவைக்கு வேலையும் இருக்காது.

நாட்டுச்செடியாப் பாத்து வைக்கணும்னு தேடுறப்ப நம்ம மொதல்ல ஏமாறுறது கல்வாழைட்ட. அறிவியல் பேருல ‘இண்டிகா’ இருக்கு, அப்பத்தா காலத்துலேர்ந்து கெணத்தடியில நிக்குது, அப்புறம் நம்மூர் செடின்னு நெனைக்காம என்ன செய்வோம்? ஆனா அதுக்குப் பொறந்த வீடு அமெரிக்கக் கண்டம். தண்ணிய நல்லாத்தான் சுத்தம் பண்ணும், நாட்டுச்செடின்னு மட்டும் போர்டு வைக்காதீங்க.

இதைவிட மோசமான ஏமாத்து பொன்னாங்கண்ணில இருக்கு. அசப்புல அதே மாதிரி இருக்குற அலிகேட்டர் வீட்னு ஒரு தென் அமெரிக்கக் களை, கணு ஒண்ணு ஒடிஞ்சு தண்ணில விழுந்தாப் போதும், அதுலேர்ந்தே மொளைச்சு கொளத்தையே மூடிரும். பூவைப் பாருங்க: நம்ம பொன்னாங்கண்ணிக்கு வெள்ளைப் பூ இலை இடுக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு நீளமா ஒரு காம்பு இருந்து நுனியில உருண்டையா நிக்கும். பூக்காத செடிய வாங்கவே வாங்காதீங்க.

தாமரை, அல்லி ரெண்டும் நம்மதுதான், ஆனா கெழங்கு சேத்துல எறங்கணுமே, மிதவையில எங்க எறங்கும்? வேர் தண்ணில தொங்கி, அதுல ஒட்டுற நுண்ணுயிருங்கதான் பாதி வேலைய செய்யுது, அதனால வெட்டிவேரும் கோரையும் நடுவுல, ஓரத்துல நீர்ப்பிரம்மி, வல்லாரை. தேங்கா நார்க்கழிவுல நடுங்க. சாணி எரு போடுறாங்க பாருங்க, அழுக்குத் தண்ணிக்கு இன்னும் சத்து ஊத்துறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?

சம்பு நாட்டுச்செடியா இருந்தாலும் நான் வைக்க மாட்டேன். ஆளுசரத்துக்கு மேல வளந்து காத்துல மிதவைய சாய்க்கும், சித்திரை வைகாசில தண்ணி வத்தி மிதவை சேத்துல உக்காந்தா வேர் கீழ பிடிச்சுக்கும், ஐப்பசி மழைல தண்ணி ஏறினாலும் மிதவை ஏறாது. தண்ணி வத்துற மாசத்துல ஆடு வேற எறங்கிரும், வேலி வேணும்.

வளந்ததை அப்பப்ப அறுத்து வெளிய எடுங்க, அங்கயே மக்கினா உறிஞ்ச சத்து திரும்பத் தண்ணிக்கே போயிரும். அப்புறம், வல்லாரை தளதளன்னு நிக்குதேன்னு தொவையலுக்குப் பறிச்சிராதீங்க, அது சாக்கடை குடிச்சு வளந்தது.