நிழல்திரையில் சிலுவைப் பாதை: மறைக்கல்விப் பிள்ளைகளோடு செய்யும் முறை

தவக்கால வெள்ளிகளில், இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப் பாதைக்குப் பிள்ளைகள் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் ஐந்தாம் நிலைக்குள் கால் மாற்றி நிற்கிறார்கள். ஒன்பதாம் நிலையில் முழங்காலிடும்போது பக்கத்துப் பிள்ளையை இடிக்கிறார்கள். அவர்களை அதட்டிப் பயனில்லை. கையில் ஒரு வேலை கொடுத்தால் அதே பிள்ளை அரைமணி நேரம் மூச்சுவிடாமல் உட்காரும். அதற்கான வழிதான் இது: ஒரு வேட்டி, ஒரு விளக்கு, அட்டையில் வெட்டிய 16 உருவங்கள். தோல்பாவைக்கூத்து பார்த்த ஊர்களில் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

எப்போது, யாரோடு

மார்ச், ஏப்ரல் என்றாலே பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பொதுத்தேர்வு. அவர்களை நம்பித் திட்டம் போட்டால் பாதியில் ஆள் இருக்காது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 15 பிள்ளைகளையும், இளையோர் குழுவிலிருந்து கல்லூரி படிக்கும் நான்கு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்குப் பிறகு ஐந்து ஞாயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் போதும். குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி மாலை நடத்துங்கள். பெரிய வெள்ளிக்கு வைக்காதீர்கள், அன்று கோவிலில் யாருக்கும் கை ஒழியாது. மதுரைப் பக்கம் அந்த நாட்களில் ஆறரை மணி வாக்கில்தான் பொழுது சாயும். ஏழு மணிக்கு முன் திரையில் நிழல் எடுக்காது.

பங்குத்தந்தையின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், ஒத்திகை முழுக்க இரண்டு பெரியவர்கள் உடனிருப்பது, இவை மூன்றும் கட்டாயம்.

முதல் ஞாயிறு: வாசிப்பு

கத்தரியை எடுக்கும் முன் மாற்கு 15, லூக்கா 23, யோவான் 19 மூன்றையும் பிள்ளைகளே மாறி மாறி வாசிக்கட்டும். பிறகு 14 நிலைகளைப் பலகையில் எழுதி, எவையெல்லாம் நற்செய்தியில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். மூன்று முறை விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கா முகம் துடைப்பதும் அங்கே இருக்காது. கேள்வி வரும், மழுப்பாதீர்கள். அவை திருச்சபையின் நெடுநாள் பக்தி மரபிலிருந்து வந்தவை. 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 14 என்ற எண்ணிக்கையை நிலைப்படுத்தினார். 1991 பெரிய வெள்ளியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முழுக்க விவிலியத்தை ஒட்டிய இன்னொரு வரிசையையும் ரோமில் நடத்தினார். நேர்மையாகச் சொன்னால் பிள்ளைகளின் நம்பிக்கை குறையாது.

இன்னொன்றும் அன்றே சொல்லிவிடுங்கள். ‘யூதர்கள்தான் கொன்றார்கள்’ என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். அப்படி ஓர் இனத்தின் மேல் பழி போடக்கூடாது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இயேசுவும் மரியாவும் யூதர்களே.

இரண்டு, மூன்றாம் ஞாயிறு: உருவங்கள்

தேவையானவை: நின்ற இயேசு, சிலுவை சுமக்கும் இயேசு, விழுந்த இயேசு, அறையப்பட்ட இயேசு, கிடத்திய உடல், உரிக்கப்பட்ட அங்கி, பிலாத்து, வீரர் இருவர், நிற்கும் மரியா, அமர்ந்த மரியா, சிலுவை சுமக்க உதவிய சீமோன், வெரோணிக்கா, அழும் பெண்கள் ஒரே கூட்டமாக, யோவான், கல்லறை. மொத்தம் 16.

சட்டைப் பெட்டி அட்டை இதற்கு வாகாக இருக்கும். தினசரி காலண்டர் அட்டை தடிமன். சின்னக் கைகளுக்குக் கத்தரி இறங்காது. நெளி அட்டைப்பெட்டியின் ஓரம் பிசிறு தட்டும், அந்தப் பிசிறு நிழலிலும் தெரியும். ஆள் உருவம் 30 சென்டிமீட்டர் உயரம், சிலுவை 45 சென்டிமீட்டர்.

முகத்தை நேராக வரைவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நேர்முகத்தின் நிழல் வெறும் உருண்டை. பக்கவாட்டில் வரைந்தால்தான் மூக்கும் தாடியும் முள்முடியும் தெரியும். கண்ணும் வாயும் நிழலில் வராது என்பதால் துயரம் முழுவதும் தலைச் சாய்விலும் முதுகு வளைவிலும்தான் வரவேண்டும். வரைவதற்கு முன் பிள்ளைகளையே பாரமான புத்தகப் பையைத் தோளில் போட்டு நடக்கச் சொல்லி, முதுகு எப்படி வளைகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும்.

நிற்கும் மரியாவுக்கு மட்டும் தலையைத் தனியாக வெட்டி, கழுத்தில் நூல் முடிச்சால் இணையுங்கள். தலை மெல்லக் குனியும். தாயும் மகனும் வழியில் சந்திக்கும் நான்காம் நிலைக்கு இந்த அசைவு ஒன்றே போதும். மரியாவின் ஏழு வியாகுலங்களில், அதாவது துயரங்களில், நான்காவதும் இந்தச் சந்திப்புதான். கீழவெளி வீதிப் பேராலயம் வியாகுல அன்னைக்கு உரியது என்பதை மதுரைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

வெரோணிக்காவின் கையிலுள்ள துணியை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்து அங்கே பட்டர் பேப்பர் ஒட்டினால், கருநிழல் நடுவில் துணி வெளிச்சமாக நிற்கும்.

பிடிக்க 45 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கு வளையும். ஊதுபத்திக் குச்சி ஒடியும். ஒட்டுவதோடு விடாமல் இரண்டு இடத்தில் நூலால் கட்டுங்கள். வியர்த்த கையில் பசை விட்டுவிடும்.

நான்காம் ஞாயிறு: திரையும் விளக்கும்

நாலு முழ வெள்ளை ஒற்றை வேட்டி. கஞ்சி மடிப்பு கோடுகோடாகத் தெரியும், இஸ்திரி போட்டுவிடுங்கள். மேலும் கீழும் மூங்கில் கழி வைத்துக் கட்டினால் தொய்வு வராது. திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி. அதற்குக் கீழே கறுப்புப் போர்வை. மின்விசிறியை நிறுத்தாவிட்டால் திரை அலையும், சிலுவை நெளியும்.

விளக்கு விஷயத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பல சிறு பல்புகள் வைத்த எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு ஓர் உருவத்துக்கு நாலைந்து நிழல் காட்டும். ஒரே ஒரு பல்பு வேண்டும். திரைக்குப் பின்னால் 2 மீட்டர் தள்ளி, எட்டடி உயரத்தில் கட்டித் திரையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். உயரம் குறைந்தால் பல்பின் ஒளிப்பொட்டு நடுத்திரையில் கண்ணைக் குத்தும். குச்சி பிடிக்கும் பிள்ளைகளின் தலையும் நிழலாக விழும்.

6 சென்டிமீட்டர் அகல பல்பு என்றால், திரையிலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடித்த உருவத்தின் ஓரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மங்கும். அரை மீட்டர் பின்னால் போனால் 2 சென்டிமீட்டர் மங்கும். ஆகவே ‘திரையை ஒட்டிப் பிடி’ என்பதே முதல் பாடம். ஒரே இடத்தில் இதை வேண்டுமென்றே மீறலாம்: இயேசுவுக்குத் தீர்ப்பிடும் முதல் நிலையில் பிலாத்துவைப் பின்னுக்கு இழுத்தால் நிழல் பெரிதாகி, இயேசுவுக்கு மேல் கவியும்.

மின்சாரம் போனால் கைபேசி டார்ச் கைகொடுக்கும். வெளிச்சம் குறைவுதான், ஓரம் கூர்மையாகவே விழும்.

ஐந்தாம் ஞாயிறு: ஒத்திகை

ஒரு நிலைக்கு இரண்டு நிமிடம். வாசகம் 40 சொல்லுக்கு மேல் வேண்டாம். பிறகு பத்து மூச்சு மௌனம், அதன்பின் ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’. மௌனத்தைப் பாட்டால் நிரப்பாதீர்கள்.

மூன்று, ஏழு, ஒன்பதாம் நிலைகளில் உருவம் சட்டென விழுந்தால் கூட்டத்தில் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பவர்கள் மேல் தப்பில்லை, வேகத்தின் மேல்தான் தப்பு. மனதுக்குள் ஐந்து எண்ணி, முதலில் முன்புறம் சாய்த்து, அப்புறம் இறக்கி, கீழே வந்ததும் ‘விழுந்த இயேசு’ உருவத்துக்கு மாற்றுங்கள். எழும்போது ஏழு எண்ணட்டும். ஒன்பதாம் நிலைக்குள் கை கடுக்கும். குச்சி பிடிக்கும் பிள்ளையை அங்கே மாற்றாதீர்கள். அந்தக் கடுப்போடு அந்த நிலையைப் பிடித்த பிள்ளைக்கு மறுவாரம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

சீமோனுக்கு வகுப்பிலேயே கூச்சமுள்ள பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அவர் தானாக முன்வந்தவரில்லை; வழியில் போனவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். மாற்கு அவருடைய இரு மகன்களின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில் விளக்கின் முன் சிவப்பு ஜெலட்டின் தாளை மெல்ல இறக்கலாம். சூடாகும் குண்டு பல்பு என்றால் ஒரு முழம் தள்ளியே பிடியுங்கள், தாள் சுருங்கிக் கருகும்.

முடிந்த பிறகு

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வாட்சாப் குழுக்களில் போடாதீர்கள். உருவங்களைச் செய்தித்தாள் நடுவே தட்டையாக வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். கல்லறையை மட்டும் வெளியே வைத்திருங்கள். அதன் வாசலை வெட்டி, பின்னால் மஞ்சள் ஜெலட்டின் ஒட்டி, கல்லைத் தனிக் குச்சியில் கட்டுங்கள். உயிர்ப்பு ஞாயிறு காலை வகுப்பறையின் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைப் போட்டு, அந்தக் குச்சியை வகுப்பிலேயே சின்னப் பிள்ளையிடம் கொடுத்து நகர்த்தச் சொல்லுங்கள்.