கல்யாணப் பூ வேலையில் இறங்க நினைக்கிறீர்களா? கொட்டேஷனில் இருந்து தொடங்குங்கள்

பூ அலங்காரத்தைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எங்கே கோர்ஸ் படிக்கலாம் என்றுதான். மதுரையில் கல்யாண ஆர்டர் எடுத்துச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே அழகாகக் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தொழில் தடுமாறுவது விலை சொல்லும் இடத்தில். அதனால் விலை எழுதிக் கொடுக்கும் கொட்டேஷன் படியைத்தான் (படி 4) விரிவாக எழுதியிருக்கிறேன்.

படி 1: மார்க்கெட்டைப் பழகுங்கள்

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். சென்னைக்காரர்கள் கோயம்பேடு, குமரி மாவட்டத்தார் தோவாளை. மல்லி, பிச்சி, சம்பங்கி, அரளி, செவ்வந்தி, இந்த ஐந்தின் அன்றைய விலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று முகூர்த்தமா, வளர்பிறையா என்றும் குறியுங்கள். கோடையில் மல்லி விளைச்சல் கொட்டும், விலை இறங்கும். மார்கழி, தை பனியில் மொட்டே பிடிக்காது. சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ மல்லி அப்போது 3,000 ரூபாயையும் தாண்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி என்றாலும் பனிக்கு முன் ஒன்றும் செய்ய முடியாது.

படி 2: கை பழகுவது

ஒரு பூக்கடையில் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க உதவியாளராக நில்லுங்கள். மல்லிச்சரம், கதம்பம், மாலை எல்லாம் அங்கேயே வந்துவிடும். வாழைநாரை நனைத்துக் கட்டுங்கள், நூலைவிட மல்லிக் காம்பை அது மென்மையாகப் பிடிக்கும்.

படி 3: கருவிகள்

ரோஜா, ஜெர்பெரா காம்புக்குத் தோட்டத்தில் கவாத்துக்குப் பயன்படுத்தும் கத்தரிதான் சரி. நான் வைத்திருப்பது பால்கன் கம்பெனிக் கத்தரி. ரிப்பனுக்கும் கம்பிக்கும் தனித்தனிக் கத்தரி வேண்டும். கம்பி வெட்டி முனை மழுங்கிய கத்தரி காம்பை நசுக்கிவிடும், நசுங்கிய காம்பு தண்ணீர் இழுக்காது.

மேடை அலங்காரத்துக்கு, காம்பைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்சைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதை வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள், தானாக மூழ்கட்டும். கையால் அழுத்தினால் வெளியே நனைந்து உள்ளே காற்று நின்றுவிடும். அந்த இடத்தில் குத்திய பூ சீக்கிரமே தலை சாயும். ஆனால் என் விருப்பம் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலைதான். சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக், பொடிந்து தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. லண்டன் செல்சி மலர்க் காட்சியிலேயே 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

படி 4: கொட்டேஷன்

பெண் வீட்டார் ஆவணியில் வந்து தை மாதக் கல்யாணத்துக்கு விலை கேட்பார்கள். தையில் பூ என்ன விலை விற்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒரு கணக்கு பாருங்கள். 5 கிலோ மல்லி, கிலோ 600 என்று போட்டால் 3,000 ரூபாய். முகூர்த்தத்தன்று கிலோ 2,500 ஆனால் 12,500. வித்தியாசம் 9,500 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதற்காக எல்லாருக்கும் 2,500 என்று போட்டால் ஆர்டரே வராது.

அதனால் கொட்டேஷனை இரண்டாகப் பிரியுங்கள். கட்டுக்கூலி, ஆள் கூலி, வண்டி, பந்தல் துணி, வாடகைச் சாமான்கள் எல்லாம் மாறாத தொகை. பூவை மட்டும் தனியாக, கிலோ கணக்கில் எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: "மல்லி கிலோ 1,000 ரூபாய் வரை இதே தொகை. அதற்கு மேல் போனால், கூடுதல் தொகை மார்க்கெட் சீட்டுப்படி. வேண்டாமென்றால் மேடைச் சரங்களுக்குச் சம்பங்கி." மணமக்கள் மாலையிலும் பெண்ணின் தலைப்பூவிலும் மட்டும் மாற்றம் கிடையாது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். தலைப்பூவில் மல்லி இல்லை என்றால் எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டார், அது நியாயமும்தான்.

பூ எடையில் பத்தில் ஒரு பங்கு கழிவு சேருங்கள். ஈரப்பூ வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், உடைந்த மொட்டும் வரும். உங்கள் சம்பளத்தை ஒரு வரியாக எழுதுங்கள். மிஞ்சியது நமக்கு என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

படி 5: கல்யாணத்துக்கு முந்தின நாள்

அதிகாலையில் பறித்த மல்லி மொட்டு அன்று சாயங்காலம் விரியும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அதை அப்படியே வைத்திருக்க முடியாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பூவின் மேல் தண்ணீர் படாமல் துணி விரித்து மூடினால் விரிவது தள்ளிப்போகும். இரவு கட்டிய சரத்தை வாழை இலையில் சுருட்டி வையுங்கள்.

இன்னொன்று. கார்னேஷன் வாளிகளை மண்டபத்தில் வாழைப்பழத் தார் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்பக்கம் சுருண்டு வாடிவிடும். சமையல்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வேறு மூலை பிடியுங்கள்.

பின்சேர்க்கை: ஜிஎஸ்டி பற்றிப் பலர் கேட்டதால் சேர்க்கிறேன். உதிரிப்பூவாகவோ சரமாகவோ விற்றால் வரி கிடையாது. மேடை அலங்காரம் சேவை என்பதால் அதற்கு 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. வரவு செலவை மட்டும் முதல் ஆர்டரிலிருந்தே எழுதி வையுங்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லையே, என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: அம்மன் கோயில் ஆர்டர் பிடியுங்கள். ஆடி வெள்ளிக்குப் பூப்பந்தலும் அரளி மாலையும் கேட்பார்கள். தொகை சிறியது, ஆனால் வாரா வாரம் வரும்.